பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த அப்சார்பர்? வாகனப் பக்கக் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு வாகனப் பக்கத்தில், இருபது முப்பது ஆண்டு பழமையான ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்போருக்கான பராமரிப்புக் குறிப்புகள் அண்மையில் வெளிவந்தன. எஞ்சின், பிரேக், குளிர்சாதனம் ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடானவையே. ஷாக் அப்சார்பர் பற்றிய பத்தி மட்டும், கார் நிறுவனத்தின் முத்திரையோடு வரும் அசல் பொருளைத் தவிர வேறெதையும் பூட்டக் கூடாது என்று ஒரே வீச்சில் தீர்ப்புச் சொல்லி முடிந்துவிட்டது. ஈப்போவில் பட்டறை வைத்து இத்தகைய கார்களில் வேலை செய்து வருபவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பை அப்படியே பின்பற்றும் வாசகர் பணத்தையும் வீணாக்கி, காரின் ஓட்டத்தையும் கெடுத்துக்கொள்ளக் கூடும் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது. ஆகவே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையே அது. ஏறத்தாழ 940 கிலோ எடை, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் தாங்கிப் பிடிக்கும் இரு கைகள்) அமைப்பு, பின்சக்கர ஓட்டம் என்று மிக எளிமையாக வடிவமைக்கப்பட்ட இந்தக் கார் 1997 வரை உற்பத்தியில் இருந்தது. ஜப்பானில் ஓடிய பின் நம் மலேசியாவுக்கு வந்து சேர்ந்தவையும் இவற்றில் உண்டு. இன்று இவற்றில் எதற்கும் இருபத்தைந்து வயதுக்குக் குறைவில்லை. பிறந்தபோது பூட்டிய அப்சார்பரோடு இன்னும் ஓடும் கார் ஏதாவது இருந்தால், அதன் அப்சார்பருக்குள் எண்ணெய் என்ற பெயரில் எஞ்சியிருப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

இந்தக் காருக்கு எது அசல் என்று முதலில் கேட்டுக்கொள்வோம். சாதாரண வகைகளுக்குத் தொழிற்சாலையில் மென்மையான அப்சார்பர்களைப் பூட்டினார்கள். ஆனால் ஜப்பானில் விற்ற எஸ் ஸ்பெஷல் வகைக்கும், அமெரிக்காவில் 1994 முதல் கிடைத்த ஆர் பேக்கேஜ் வகைக்கும், ஜெர்மானிய பில்ஸ்டீன் நிறுவனத்தின் அப்சார்பர்களே தொழிற்சாலையில் பூட்டப்பட்டு வந்தன. அப்படியானால், எஸ் ஸ்பெஷல் வைத்திருப்பவருக்கு பில்ஸ்டீன் அசலா, வேறு நிறுவனங்கள் தனியே விற்கும் வெளிச்சந்தைப் பொருளா? காற்றினால் குளிரூட்டப்பட்ட பழைய போர்ஷே 911 கார்களிலும் இதே கதைதான். சாதாரணமாக போகே நிறுவனத்தின் அப்சார்பர், கூடுதல் பணம் கொடுத்தால் கோனி அல்லது பில்ஸ்டீன் நிறுவனத்தினுடையது என்று வாங்குபவர் விருப்பப்படி தொழிற்சாலையே பூட்டிக் கொடுத்தது. கார் நிறுவனங்கள் பொதுவாக அப்சார்பரைத் தாமே உருவாக்குவதில்லை. கேஒய்பி, ஷோவா, டோக்கிகோ, சாக்ஸ், பில்ஸ்டீன் போன்ற நிறுவனங்களிடம், இன்ன காருக்கு இன்ன வால்வு அமைப்பு என்று அளவு சொல்லி வாங்கித் தம் பெட்டியில் போட்டு விற்கின்றன. ஆகவே பெட்டியின் மேல் இருக்கும் பெயரை விட, அந்த வால்வு அமைப்பு யாருக்காக, எந்த ஸ்பிரிங்கை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டது என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பள்ளத்தில் விழும்போது காரைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் விழுங்கிய சக்தியை, சிறு துளைகளும் தகட்டு வால்வுகளும் வழியாக எண்ணெயைத் தள்ளி வெப்பமாக மாற்றிக் கரைப்பது அப்சார்பர். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட முடியாது. அதே எடையுள்ள காரில் ஸ்பிரிங்கின் கடினத்தை இரு மடங்காக்கினால், முன்பிருந்த அதே அளவு அடக்கம் (ஆட்டத்தை அடக்கும் திறன்) கிடைக்க அப்சார்பரின் எதிர்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்காக வேண்டும். ஸ்பிரிங்கை ஒன்றரை மடங்காக்கினால் 1.2 மடங்குக்குச் சற்றே கூடுதலாக வேண்டும். தொழிற்சாலை ஸ்பிரிங்குக்குக் கணக்கிட்ட மென்மையான அசல் அப்சார்பரை, தாழ்த்தப்பட்ட கடினமான ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பூட்டினால் கார் ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு மூன்று முறை ஆடித்தான் நிற்கும். நம் கார்களில் பல, கைமாறிக் கைமாறி வரும்போதே யாரோ ஒருவர் பூட்டிய தாழ்வான ஸ்பிரிங்கோடுதான் வருகின்றன. அத்தகைய காருக்குத் தங்கள் கட்டுரை சொன்னபடி அசலை வாங்கிப் பூட்டுவது, அசலுக்கே செய்யும் அநியாயம். அசல் அப்சார்பர் வேண்டுமென்றால் அசல் ஸ்பிரிங்கும் வேண்டும். அது கிடைக்காதென்றால் அப்சார்பரைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் சிறியதன்று. சொல்லப்போனால் என் பட்டறைக்கு வரும் கார்களில் அதையே அதிகம் பார்க்கிறேன். உயரத்தைத் திருகி மாற்றும் மலிவான கோயிலோவர்களை (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு) பூட்டி, காரை இரண்டு அங்குலம் தாழ்த்திவிட்டு, ஓட்டம் கெட்டித்தட்டிப் போனதையே பந்தயக் காரின் இலக்கணமாக எண்ணி மகிழ்கிறார்கள். எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் அப்சார்பர் மேலும் கீழும் போக இருக்கும் இடம் இயல்பிலேயே குறைவு. அதனால்தான் வடிவமைத்தவர்கள், அப்சார்பருக்குள் போய்வரும் தண்டின் மேற்புறத்தில், அது முழுதும் அமுங்கி மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை, நுரை போன்ற யூரித்தேனால் நீளமாக அமைத்து, அதையே ஓரளவு இரண்டாவது ஸ்பிரிங்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். வளைவில் சாயும்போதும் பெரிய மேட்டில் ஏறும்போதும் அது மெல்ல அழுந்தி உதவும் என்பது கணக்கு. காரை இரண்டு அங்குலம் தாழ்த்தினால், நின்ற நிலையிலேயே தண்டு அந்தப் பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அப்சார்பரானாலும் செய்ய வேலை ஒன்றும் மிச்சமில்லை. பழைய பம்ப் ஸ்டாப் வயதினால் பொடிந்து உதிர்ந்துபோயிருப்பதும் வழக்கம். கழற்றிப் பார்த்தால் தண்டைச் சுற்றிப் பழுப்புத் தூள் மட்டும் இருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புது அப்சார்பரை மட்டும் பூட்டி அனுப்பும் பட்டறைகள் இருக்கின்றன என்பது வருத்தமான உண்மை.

இந்த இடத்தில், அசலுக்கும் அசலல்லாததற்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி இருப்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 காரில், அப்சார்பரின் மேல்முனையைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்டை மஸ்டாவே திருத்தி அமைத்து, தண்டு போகும் தூரத்தைக் கூட்டியது. அந்த மேல் மவுண்டை, அதற்குரிய பம்ப் ஸ்டாப்போடு சேர்த்து, முதல் தலைமுறைக் காரிலும் பூட்டலாம்; உலகெங்கும் இந்தக் காரை அறிந்தவர்கள் நெடுங்காலமாகச் செய்து வரும் மாற்றம் இது. பொருள் மஸ்டாவினுடையது, ஆனால் அந்தக் காருக்கு அசல் அன்று. தங்கள் கட்டுரையின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. என் அனுபவத்தில், உயரத்தை மாற்றாத காருக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறில்லை.

வெளிச்சந்தைப் பொருள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதும் சரியன்று. பில்ஸ்டீன் நிறுவனத்தின் வரிசையையே எடுத்துக்கொண்டால், பி4 என்பது தொழிற்சாலை அப்சார்பரின் இடத்தில் அதே குணத்தோடு பூட்டுவதற்கானது. பி6 என்பது அதே உயரத்தில் இருக்கும் காருக்குச் சற்று இறுக்கமான அடக்கம் தருவது. பி8 என்பது தாழ்த்தப்பட்ட காருக்காக உடல் நீளம் குறைக்கப்பட்டது. பி8-ஐ வாங்கித் தாழ்த்தாத காரில் பூட்டுகிறவர்கள், சக்கரம் கீழிறங்க வேண்டிய தூரத்தைத் தாமே வெட்டிக்கொள்கிறார்கள். கோனியின் மஞ்சள் நிற அப்சார்பரில், ஸ்பிரிங் விரியும் திசைக்கான எதிர்ப்பை மட்டும் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். அமுங்கும் திசை மாறாததால், பள்ளத்தில் விழும் முதல் அடி எந்த நிலையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்பிரிங் என்னவென்று உறுதியாகத் தெரியாத பழைய காருக்கு இந்தத் திருகு பெரும் வசதி. கேஒய்பியின் எக்செல்-ஜி, விலை குறைந்த, நாணயமான பொருள்; தொழிற்சாலைக் குணத்துக்கு அருகில் இருப்பது. அதைப் பூட்டியதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

இவற்றில் எக்செல்-ஜி, ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழாய்கள் உள்ள இரட்டைக் குழாய் வகை. பில்ஸ்டீனின் பி6, பி8 ஆகியவை ஒற்றைக் குழாய் வகை. ஒற்றைக் குழாயில் எண்ணெய்க்கும் நைட்ரஜன் வாயுவுக்கும் நடுவே மிதக்கும் பிஸ்டன் ஒன்று இருப்பதால், நெடுநேரம் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் எண்ணெய் நுரைத்து அடக்கம் குறைவதில்லை. பிரான்சின் பொறியாளர் தெ கார்போன் வகுத்த இந்த அமைப்பை பில்ஸ்டீன் 1950களில் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காகத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த வாயு 20 முதல் 25 பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) வரையிலான அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருப்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் குறுக்குப் பரப்பில் 25 பார் அழுத்தம் செயல்பட்டால், அது தண்டை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 24 கிலோவுக்குச் சமம். குறைந்த அழுத்தமுள்ள இரட்டைக் குழாயில் அது ஐந்து கிலோ அளவிலேயே நிற்கும். மென்மையான ஸ்பிரிங் உள்ள 940 கிலோ காரில், ஒவ்வொரு மூலையிலும் இந்த வேறுபாடு காரைக் கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்திவிடும். புது அப்சார்பர் பூட்டிய பின் கார் தூக்கலாக நிற்கிறதே, தவறான பொருளைக் கொடுத்துவிட்டார்களோ என்று கேட்டு வருவோரிடம் நான் சொல்லும் விளக்கம் இதுதான்.

நம் சாலைகளையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் ஓட்டுபவருக்கு, உடல் சாய்வதை நிதானமாக அடக்கும் எதிர்ப்பு வேண்டும். அங்கே பிஸ்டன் மெதுவாகத்தான் நகர்கிறது. குடியிருப்புப் பகுதிகளின் வேகத்தடைகளிலும் ஒட்டுப்போட்ட தார்ச்சாலைகளிலும் அதே பிஸ்டன் பல மடங்கு வேகத்தில் அடிபடுகிறது. அங்கே எதிர்ப்பு அளவோடு விட்டுக்கொடுக்க வேண்டும். நல்ல அப்சார்பரின் வால்வுகள் இந்த இரண்டு வேகங்களையும் பிரித்தறிந்து நடந்துகொள்ளும்படி அடுக்கப்பட்டிருக்கும். மலிவான கோயிலோவரில் திருகு பல கிளிக் ஒலித்தாலும், மெதுவான நகர்வுக்குத் தேவையான இறுக்கத்தை வைத்தவுடன் வேகத்தடையில் முதுகெலும்பு நொறுங்கும். வார நாளில் அலுவலகத்துக்கும் வார இறுதியில் மலைக்கும் ஒரே காரில் போகிறவருக்கு, உயரத்தை மாற்றாமல் பி6 அல்லது மென்மையான நிலையில் திருகிய கோனி பொருந்தும். மலைப்பக்கமே போகாதவருக்கு அசலும் எக்செல்-ஜியும் போதும், மிச்சப் பணத்தை டயருக்குச் செலவிடலாம்.

அசலையே தேடுவோருக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. பெட்டி பிரிக்காத பழைய இருப்பு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து வருவோர், அந்தப் பெட்டி எத்தனை ஆண்டு எந்த வெப்பத்தில் கிடந்தது என்று கேட்பதில்லை. ஓடாமல் கிடந்தாலும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் ரப்பர் முதுமையடைகிறது. இரட்டைக் குழாய் அப்சார்பர் படுக்கைவாட்டில் கிடந்தால் உள்குழாய்க்குள் வாயு புகுந்துவிடும் என்பதால், பூட்டுவதற்கு முன் அதை நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழு நீளத்துக்கும் இழுத்து அமுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டிவிட்டு, புதுப் பொருள் கடகடக்கிறது என்று திருப்பிக் கொண்டுவருவோர் உண்டு. பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்பட்ட பழைய கார்களிலிருந்து ஹாஃப்-கட் கடைகளில் கழற்றி விற்கும் அசல் அப்சார்பர், அசல் என்பது மெய்தான். ஆனால் அது உங்கள் காரில் தேய்ந்துபோனதற்குச் சற்றும் இளையதன்று. தண்டின் பளபளப்பில் துருப்புள்ளி ஒன்று விழுந்திருந்தாலே போதும், அது மேலும் கீழும் போகும்போது சீலைக் கீறிவிடும். பழைய குழாயில் துளையிட்டு, கிடைத்த எண்ணெயை ஊற்றி, பற்றவைத்து அடைத்து, கறுப்பு வண்ணம் அடித்து ரீகண்டிஷன் என்று விற்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, அதை வாங்காதீர்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியில் போலிப் பொருளும் சந்தையில் உலவுவதால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விற்பவரின் பின்னணியை விசாரிப்பது நல்லது.

கட்டுரையாளர் சொன்னது முற்றிலும் பொருந்தும் கார்களும் இருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்சார்பரின் எதிர்ப்பை மின்னணு முறையில் மாற்றும் கார்கள் இப்போது பழைய கார் வரிசைக்கு வந்துவிட்டன. காந்தத்துக்கு இறுகும் திரவத்தைக் கொண்ட அப்சார்பர் 2003ஆம் ஆண்டு மாடல் கார்வெட்டில் வந்தது. பின்னர் இரண்டாம் தலைமுறை ஆடி டிடி, ஃபெராரி 599 போன்றவற்றிலும் வந்தது. இவற்றில் சாதாரண அப்சார்பரைப் பூட்டினால் கட்டுப்பாட்டுப் பெட்டி பிழை காட்டி எச்சரிக்கை விளக்கை எரிக்கும். அதை ஏமாற்ற மின்தடையோ போலி மாட்யூலோ பொருத்த வேண்டும். வேண்டிய நேரத்தில் தானே மென்மையாகவும் இறுக்கமாகவும் மாறும் திறன் முழுவதையும் அதோடு இழந்துவிடுகிறோம். விலை கைக்கு எட்டும்வரை அங்கே அசலே சரி. சேகரிப்பாளர் மதிப்பு உயர்ந்துவிட்ட, தொழிற்சாலை நிலையிலேயே காட்சிக்கு நிறுத்தப்படும் கார்களுக்கும் அப்படியே. மஸ்டாவே 2017இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டரை ஜப்பானில் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன உதிரிப் பாகங்கள் சிலவற்றை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியதும், அசல் நிலைக்கு மதிப்புத் தருவோர் எண்ணிக்கை கூடியதால்தான். அத்தகைய காரிலும், வெளியிலிருந்து வாங்கிய அப்சார்பரை ஓட்டத்துக்குப் பூட்டிக்கொண்டு, கழற்றிய அசலைத் துணியில் சுற்றிச் சீட்டெழுதிப் பத்திரப்படுத்தி வைத்தால் காரின் மதிப்பு குறைந்துவிடாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பூட்டும் முறையில் கவனம் வேண்டும். மேல் மவுண்ட் ரப்பர், பம்ப் ஸ்டாப், தூசி மறைப்பு ஆகியவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். இந்தச் சிறு பொருள்களைப் பெரும்பாலும் கார் நிறுவனத்தின் அசலாகவே வாங்குவது நல்லது என்பதில் கட்டுரையாளரோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. முன்பக்கம் இரண்டையும் அல்லது பின்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். விஷ்போன்களின் போல்ட்டுகளை, கார் லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் வெகுவாக உண்டு. அப்படி இறுக்கினால் காரைக் கீழே இறக்கியதும் விஷ்போன் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று, புது அப்சார்பரோடு சண்டை போட்டுச் சில மாதங்களில் கிழிந்துவிடும். காரின் எடை நான்கு சக்கரங்களிலும் இருக்கும்போதுதான் இறுதி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, எம்எக்ஸ்-5 வைத்திருப்போர் அப்சார்பருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பட்டறையில் ஒன்றைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். கீழ் விஷ்போன்களில் வீல் அலைன்மென்ட்டை மாற்றுவதற்காக உள்ள மையம் தள்ளிய போல்ட்டுகள், புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருக்கின்றனவா என்பதே அது. அவை திரும்பவில்லை என்றால், எந்த அப்சார்பரைப் பூட்டிய பிறகும் அலைன்மென்ட் செய்ய முடியாது. போல்ட்டை அறுத்து, விஷ்போனைக் கழற்றி, புஷ்ஷையும் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவு சில வேளைகளில் நான்கு அப்சார்பர்களின் விலையையும் தாண்டிவிடுவதால், எந்த அப்சார்பர் வாங்குவது என்பதை அதை அறிந்த பிறகு தீர்மானிப்பதே நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈப்போ